எந்தப் பிள்ளை?

அன்புள்ள அண்ணா,

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சங்கம் இந்த ஆண்டு மருத்துவ ஆய்வாளர் ஒருவரைக் கௌரவிக்கிறது. இரண்டு பெயர் வந்திருக்கிறது. ஒருவர் இதய மருத்துவர், எச்-இன்டெக்ஸ் 31 (கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துக் கணக்கிடும் எண்). இன்னொருவர் மனநல மருத்துவர். மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வைப் பற்றி எழுதுகிறார். அவருக்கு 11தான். இரண்டு துறையில் கால் வைத்தவர் எதிலும் ஆழம் போயிருக்க மாட்டார் என்கிறார் எங்கள் தலைவர். இந்த எண்ணைத் தரும் இணையத் தளங்களில் கூகுள் ஸ்காலரை நம்புவதா, ஸ்கோபஸையா? இருவரின் குறிப்பும் பட்டியலும் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், டர்பன்

அன்புள்ள தம்பி,

ஓர் ஆய்வாளருக்கு மாலை போட வேண்டும் என்று சங்கத்துக்குத் தோன்றியதே, அதற்கு முதலில் வாழ்த்து. ஆனால் இரண்டு மனிதர்களை 31, 11 என்று தராசில் வைத்திருக்கிறீர்கள். அது தப்பு.

ஸ்காலர் ஆய்வேட்டையும் இதழில் வருமுன் வெளியிடும் முன்வரைவையும் சேர்த்து எண்ணும். ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்களையே பெரும்பாலும் எண்ணும். இருவரையும் ஒரே இடத்தில் பாருங்கள், போதும்.

தலைவரிடம் இதைச் சொல்லுங்கள். 1993இல் மொன்றியலில் மாரடைப்பு வந்த 222 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதத்துக்குள் இறந்தவர்களில் மனச்சோர்வு உள்ளவர்களே அதிகம். 2003இல் வெளிவந்த என்ரிச்ட் ஆய்வில் 2,481 பேர். சோர்வுக்கும் தனிமைக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். சோர்வு தணிந்தது, ஆனால் சாவும் மறு மாரடைப்பும் குறையவில்லை. இது ஏன் என்று கேட்க மனமும் இதயமும் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

நான் சில நாளாக யோசித்துக்கொண்டிருந்தது வேறு: நம் பெயர்கள். 31 உள்ள இதய மருத்துவரின் பட்டியலைக் கடைசிவரை பார்த்தீர்களா? ஒன்பதாவது கட்டுரை கரும்புத் தண்டைத் துளைக்கும் புழுவைப் பற்றியது. கீழே 1981இல் வந்த பல் மருத்துவக் கட்டுரை. டாக்டர் பட்டம் பெற்றதே 1996 என்கிறது உங்கள் குறிப்பு! அவர் மேல் குற்றமில்லை. எஸ். பிள்ளை என்று கையெழுத்திட்ட எல்லோரையும் இயந்திரம் ஒரே ஆளாக்கியிருக்கிறது. மனநல மருத்துவரான அந்த அம்மாவுக்கோ நேர் எதிர். கல்யாணத்துக்கு முன் நாயுடு, பின் மூட்லி. நாயுடுவாக எழுதியவை அனாதையாகத் தனிப் பக்கத்தில் கிடக்கின்றன; அங்கே எச் 9.

உடனே 11ஐயும் 9ஐயும் கூட்டி 20 என்று எழுதிவிடாதீர்கள். எல்லாக் கட்டுரைகளையும் மேற்கோள் இறங்குமுகமாக ஒரே வரிசையில் அடுக்குங்கள். வரிசை எண்ணைவிட மேற்கோள் குறையத் தொடங்கும் இடத்துக்கு முந்திய எண்தான் எச். அப்படி வந்தாலும் இதயத் துறையோடு ஒப்பிடாதீர்கள். அங்கே பெரிய சோதனைகளும் சிகிச்சை வழிகாட்டிகளும் மேற்கோளை அள்ளிக் குவிக்கும். மனநலத் துறையில் அவ்வளவு வரத்து இல்லை.

இந்தத் தென்னாப்பிரிக்காவில் நம் குடும்பப் பெயர்கள் கைவிரலுக்குள் அடங்கிவிடும். முதலியார் மூட்லி ஆனார். பிள்ளைக்கு இங்கே கடைசியில் ஒய், தமிழ்நாட்டில் ஐ. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளோடு மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்துக் கப்பல் பட்டியல்களில் குமாஸ்தா காதில் விழுந்தபடி பெயரை எழுதினான். பக்கத்தில் ஆளுக்கொரு எண். இன்றும் பூட்டனாரின் ஊரைத் தேடுகிறவர்கள் அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள், ஏனென்றால் ஒரே பட்டியலில் எத்தனையோ முனுசாமி. அது பிறர் ஒட்டிய எண். ஆர்சிட் என்ற அடையாள எண்ணோ ஆய்வாளர் தானே இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்வது. 16 இலக்கம், நாலு நாலாக. கடைசி இலக்கம் முந்திய பதினைந்தைச் சரிபார்க்கும், சில வேளை எக்ஸ் என்று இருக்கும். கல்யாணம் ஆனாலும் ஊர் மாறினாலும் அது மாறாது. நம் பிள்ளைகள் முதல் கட்டுரை அனுப்புமுன் இதை எடுக்க வேண்டும் என்று எத்தனை தடவை எழுதுவது! எடுத்தவர்களிலும் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். காலிப் பக்கம் யாரையும் அடையாளம் காட்டாது.

இருவருக்கும் கடிதம் போடுங்கள். ஆர்சிட் எண்ணும், தாங்களே தேர்ந்த ஐந்து கட்டுரைகளும், ஒவ்வொன்றிலும் தங்கள் பங்கு என்ன என்று இரண்டு வரியும் கேளுங்கள். நம் தேசிய ஆராய்ச்சி நிறுவனமே ஆய்வாளரைத் தரப்படுத்தும்போது கடந்த எட்டு ஆண்டு வேலையைத் துறை அறிந்தவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறது. உங்கள் ஊரிலும் படிக்கத் தெரிந்த டாக்டர்கள் இருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு எழுதும்போது, நாயுடு பக்கத்தின் இணைப்பையும் வைத்து அனுப்புங்கள். இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லி ஸ்கோபஸுக்கு அவரே விண்ணப்பிக்கலாம்.