கொழுந்தனுக்கு வந்தது குரங்கம்மையா?

கேள்வி: டாக்டர், கொழுந்தன் துபாய்ல இருந்து லீவுக்கு வந்து எட்டு நாளாச்சு. முந்தாநாள் காய்ச்சல், இன்னைக்கு முகத்துலயும் உள்ளங்கையிலயும் பருபோல கிளம்பிருக்கு. மாமியார் அம்மைன்னு சொல்லி வேப்பிலை சொருகியாச்சு, பக்கத்து வீட்டு அக்கா குரங்கம்மைங்காங்க, எங்க ரப்பர் தோட்டத்துல குரங்கு வேற வருது. ரெண்டு வயசு பிள்ளை இருக்கு, பயமா இருக்கு.
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அந்தக் குரங்க மொதல்ல விட்ருங்கம்மா, பாவம். 1958ல டென்மார்க்ல லேப் குரங்குக்கு வந்ததால ஒட்டிக்கிட்ட பேருதான் அது, இப்ப நம்ம பக்கம் பயப்பட வேண்டியது மனுஷன்கிட்ட இருந்து மனுஷனுக்குப் பரவுறதுக்குத்தான். இந்தியாவோட முதல் கேஸே 2022 ஜூலைல கொல்லத்துல, வளைகுடால இருந்து வந்தவருக்குத்தான்.

அவர் கழுத்து, அக்குள், தொடையிடுக்குல நெறி கட்டிருக்கான்னு கேளுங்க. சின்னம்மைல நெறி அவ்வளவா கட்டாது, கொப்புளமும் நெஞ்சு முதுகுலதான் ஜாஸ்தி, ஒண்ணு தண்ணியா நிக்கும்போதே பக்கத்துல இன்னொண்ணு பொருக்கு தட்டிரும். குரங்கம்மைல ஒரு எடத்துல உள்ளது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும், உள்ளங்கை உள்ளங்கால்ல கூட வரும், சிலருக்கு பிறப்புறுப்புல ரெண்டு மூணு கொப்புளத்தோட நின்னுரும், அத வெக்கப்பட்டு சொல்லமாட்டாங்க. தொத்துன 3 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள எப்ப வேணும்னாலும் தெரியலாம், அதனால எட்டு நாள் கணக்கு ஒத்துதான் வருது. ஆனா கண்ணால பாத்து யாரும் அடிச்சு சொல்ல முடியாது, நானும்தான். கொப்புளத்துல இருந்து சாம்பிள் எடுத்து, அந்தக் கிருமி இருக்கான்னு காட்டுற பிசிஆர் டெஸ்ட் பாக்கணும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு கூட்டிட்டுப் போங்க, மாஸ்க் போட்டு, கொப்புளத்த முழுக்கைச் சட்டையால மூடி, பஸ்ல வேண்டாம், துபாய்ல இருந்து வந்தத வாசல்லயே சொல்லிருங்க.

கொரோனா மாதிரி தெருவுல தாண்டிப் போனா ஒட்டிக்கிறது இல்ல இது. தோல் தோல்ல படுறது, உடலுறவு, முகத்துக்கு நேரா ரொம்ப நேரம் பேசுறது, அவர் படுத்த பாய், போர்வை, துவர்த்து, இதுலதான் வரும். தனி ரூம் குடுங்க, பொருக்கு எல்லாம் உதிர்ந்து புதுத் தோல் வர ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், அதுவரைக்கும் பிள்ளைய அவர் தூக்கவே கூடாது. சின்னப் பிள்ளைங்களுக்கும் மாசமா இருக்கவங்களுக்கும் இது கடுமையா வரலாம்.

வேப்பிலை இருந்துட்டுப் போட்டும், அத வெச்சு கொப்புளத்துல தடவுற வேலை மட்டும் வேண்டாம். மாமியார் கையில பெரியம்மைத் தடுப்பூசி குத்துன தழும்பு இருக்கான்னு பாருங்க, இருந்தா அவங்களுக்கு கொஞ்சம் பாதுகாப்பு உண்டு, சாப்பாடு கொண்டு வைக்கிறத அவங்களே செய்யட்டும், மாஸ்க்கோட.