ஐயாற்றின் பெண்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தியாகராஜ ஆராதனைக்குக் குடும்பத்துடன் திருவையாறு வந்திருந்தோம். பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் கேட்டோம். ஐயாறப்பரைத் தரிசித்த கையோடு வெளியே வந்துவிட்டோம். "இவ்வளவு பெரிய கோயிலில் வேறென்ன பார்க்கலாம்?" என்று மகள் கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. மறுபடி வந்தால் எங்கே தொடங்குவது?

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள வாசகிக்கு,

வடகயிலாயத்தில் தொடங்குங்கள். கோயில் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் தனிக் கற்கோயில் அது. முதலாம் ராஜராஜனின் பட்டத்தரசி உலகமாதேவி எடுப்பித்தது; கல்வெட்டில் அதன் பெயரே உலகமாதேவீச்சரம். மகளை அடித்தளத்தின் அருகே குனிந்து எழுத்துகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயிரம் ஆண்டு கழிந்தும் ட, ப போன்றவை கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

தஞ்சைப் பெரிய கோயில் என்றதும் ராஜராஜன் பெயரைச் சொல்லாதவர் இல்லை. அவன் அரசி காவிரிக் கரையில் எழுப்பிய கோயிலைச் சொல்பவர் மிகக் குறைவு. எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு. ஏனென்றால், இந்த ஊரின் ஆடலிலும் பாடலிலும் பெண்கள் தொடக்கத்திலிருந்தே இருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய ஐயாற்றைப் பாருங்கள்: வலம்வரும் பெண்கள் ஆடுகிறார்கள், முழவு அதிர்கிறது, மழைதான் வருகிறதென்று மிரண்ட மந்திகள் மரமேறி மேகத்தைப் பார்க்கின்றன!

அதே ஊரில், 20ஆம் நூற்றாண்டில், தியாகராஜர் சமாதியில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். 1847இல் மறைந்த அவருடைய சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தபோது, தன் சொத்தைச் செலவிட்டுக் கோயில் எழுப்பி, குடமுழுக்கும் செய்வித்தவர் தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். கட்டியவருக்கே அங்கே பாட இடமில்லை. எவ்வளவு பெரிய அநியாயம்! அவர் ஒதுங்கிவிடவில்லை, பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். இன்று பந்தலில் பெண்கள் வரிசை வரிசையாக அமர்ந்து பாடுகிறார்களே, அது அவர் போராடிப் பெற்ற இடம். 1952இல் மறைந்த அவருடைய சமாதி, தியாகராஜர் சந்நிதியைப் பார்த்தபடி எதிரிலேயே இருக்கிறது. கூட்டத்தில் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அடுத்த முறை ஆராதனைக்கு வேண்டாம், ஆடிப்பெருக்குக்கு வாருங்கள். மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டால் புஷ்ய மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது. காதோலை கருகமணி, காப்பரிசி, பழம் எல்லாம் வைத்துக் காவிரிக்குப் படைப்பார்கள்; புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். உங்கள் மகளுக்கும் யாராவது ஒரு கயிறு நீட்டுவார்கள், வாங்கிக்கொள்ளட்டும். விடிந்ததும் படித்துறையை முடித்துக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போய்விடுங்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள்.