மலையில் பழைய லேப்டாப்: உதிரிபாகமும் ரிப்பேரும் – கேள்வி பதில்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். செகண்ட்ஹேண்டில் டெல் லாட்டிட்யூட் இ6430 வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பேட்டரி பத்து நிமிடம்கூட நிற்பதில்லை. கீபோர்டில் சில எழுத்துகள் காலையில் விழுவதில்லை, மதியத்துக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகின்றன. ‘இந்த மாடலுக்கு இனி பார்ட்ஸ் வராது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்கிறார் இங்குள்ள கடைக்காரர். உண்மையா?

பதில்: அவர் கடைக்கு வராது என்பது உண்மையாக இருக்கலாம். 2012-ல் வந்த மாடல் இது. ஆனால் அலுவலகங்களுக்கு மொத்தமாக விற்கப்பட்ட வரிசை. அலுவலகங்கள் கழித்துவிடும் மெஷின்கள் லாட் லாட்டாக வந்து பிரிக்கப்படுவதால், சென்னை ரிச்சி தெருவிலும் கோவை காந்திபுரத்திலும் இவற்றின் பாகங்கள் புழங்குகின்றன. லாட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக் மூன்றுக்கும் இந்த வசதி உண்டு. வீட்டு உபயோக மாடல்களுக்குத்தான் கீலும் மேல்மூடியும் தேடி அலைய வேண்டியிருக்கும்.

கடையில் மாடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே மாடலுக்குள் இரண்டு மூன்று விதப் பாகங்கள் போட்டிருப்பார்கள். பாகத்தின் மேலேயே ஒட்டியிருக்கும் எண்தான் கணக்கு. பேட்டரியைக் கழற்றி லேபிளைப் பாருங்கள். உங்கள் மெஷினில் பெரும்பாலும் ‘டி54எஃப்ஜே’ என்றிருக்கும்: ஆறு செல், 11.1 வோல்ட், 60 வாட்-ஹவர். இதே பேட்டரி இ5420, இ5430, இ6420, இ6520, இ6530 ஆகியவற்றுக்கும் பொருந்தும். ‘இ6430 பேட்டரி இல்லை’ என்று கைவிரிக்கும் கடையில் இந்த எண்ணைச் சொன்னால் அலமாரியிலிருந்து எடுத்துத் தருவதும் உண்டு.

வாங்கும் முன் சார்ஜரைச் சோதியுங்கள். டெல்லின் 7.4 மில்லிமீட்டர் உருண்டை முனையின் நடுவில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். சார்ஜர் இத்தனை வாட் என்று மெஷினுக்குச் சொல்வது அதுதான். அது வளைந்தாலோ ஒடிந்தாலோ மெஷின் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, வேகமும் குறையும். பேட்டரிதான் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கி ஏமாறுவது இங்கேதான். ஆன் செய்யும்போது எஃப்2 அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போனால் பேட்டரி விவரப் பக்கத்தில் அதன் ஆரோக்கியமும், எந்த சார்ஜர் சொருகியிருக்கிறது என்பதும் தெரியும்.

போலி பேட்டரியைப் பிடிக்க ஒரு கணக்கு. 60-ஐ 11.1-ஆல் வகுத்தால் 5.4, அதாவது 5400 மில்லி ஆம்பியர்-ஹவர். ஆறு செல் பேட்டரியில் செல்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும், ஆகவே ‘7800’ என்று அச்சிட்டிருந்தால் ஒவ்வொரு செல்லும் அதில் பாதி, 3900 தாங்க வேண்டும். அந்த அளவு உருளை செல்லில் அது நடக்காது. எடையும் காட்டிக்கொடுக்கும். ஒரு செல்லே சுமார் 45 கிராம் என்பதால், முழு பேட்டரி 300 கிராமுக்குக் கீழே இருந்தால் தொடாதீர்கள். மளிகைக்கடைத் தராசே போதும்.

கீபோர்டை இப்போது வாங்க வேண்டாம். காலையில் செத்து மதியம் உயிர்க்கும் எழுத்து பழுதல்ல, ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வீட்டுக்குள்ளேயே மேகம் வந்து உட்காரும்போது கீபோர்டின் அடித்தாள்களுக்கு நடுவே நீராவி படிகிறது. மெஷினை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, கைப்பிடி அளவு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி இறுக்கமான டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். அரிசி வேண்டாம், அதன் மாவும் தூசியும் துளைகளுக்குள் போகும். ஹேர் டிரையர், ரூம் ஹீட்டர், அடுப்பு மேல் பரண் எதுவுமே வேண்டாம், தாள் சுருங்கிவிடும். இதற்குப் பிறகும் அதே எழுத்துகள், குறிப்பாக ஒரே கூட்டமாக, விழாமல் இருந்தால் உள்ளே தடம் அரித்துவிட்டது என்று பொருள். அப்போது மாற்றுங்கள். நடுவில் மவுஸ்போல் நகர்த்தும் சின்னக் குச்சி உள்ளதா இல்லையா, அடியில் விளக்கு உண்டா, என்டர் கட்டை படுத்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று மூன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். விளக்குள்ள கீபோர்டுக்கு இன்னொரு ரிப்பன் கூடுதலாக வரும். ரிப்பனைப் பிடித்து இழுக்காதீர்கள். சாக்கெட்டின் சின்னத் தாழ்ப்பாளை நகத்தால் தூக்கினால் தானே வெளியே வரும். கீபோர்டு கெடுவதைவிட இந்தத் தாழ்ப்பாள் உடைவதுதான் பெரிய செலவு.

கேள்வி: கொடைக்கானல். திங்க்பேட் டி430-க்கு ஆன்லைனில் ஒரு பேட்டரி வாங்கினேன். ‘இந்த பேட்டரியை ஏற்க முடியாது, சார்ஜ் ஆகாது’ என்று திரையில் வருகிறது. விற்றவர் ‘உங்கள் லேப்டாப்பில்தான் கோளாறு’ என்கிறார்.

பதில்: கோளாறு லேப்டாப்பில் இல்லை. அந்தத் தலைமுறை திங்க்பேட்கள் பேட்டரி அசல்தானா என்று அதற்குள் இருக்கும் சிப்பைக் கேட்டுச் சரிபார்க்கும். அடையாளம் சொல்லாத பேட்டரியை ஏற்றாது. விண்டோஸை மாற்றிப் போட்டும் பயனில்லை, செய்தி அதற்கு முன்பே வருகிறது. மெஷினின் போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைத் திருத்தி ஏமாற்றும் வழியும் சொல்வார்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும், மலையில் கரண்டை நம்பி அதைச் செய்யாதீர்கள்.

திரையைப் போட்டோ எடுத்து, விளம்பரத்தில் ‘டி430-க்குப் பொருந்தும்’ என்றிருந்த பக்கத்தையும் சேர்த்து, பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் நகரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், அதாவது உங்களுக்குத் திண்டுக்கல். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, கெடு 2 ஆண்டு. பில் இருக்க வேண்டும். ‘பில் இல்லாமல் 200 ரூபாய் குறைத்துத் தருகிறேன்’ என்பவரிடம் பேட்டரி மட்டும் வாங்காதீர்கள்.

கேள்வி: ஊட்டி. ஃபேன் கத்துகிறது, வீடியோ பார்த்தால் அரை மணியில் அணைந்துவிடுகிறது. குளிர் ஊரில் லேப்டாப் சூடாகுமா?

பதில்: ஆகும். 2240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் குறைந்த காற்றைத்தான் தள்ளும். குளிர் அதை ஈடுகட்டிவிடும், ஆனால் கம்பளி மேல் வைத்து அடித்துளையை மூடினால் ஈடுகட்டாது. கம்பளியின் நூல்தான் ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே பாய்போல் படியும். அடிமூடியைத் திறந்து ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் அந்தப் பாயை உரித்தெடுங்கள். பிடிக்காமல் ஊதினால் இறக்கை அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போகும். ப்ராசஸருக்கும் அதன் மேல் ஸ்க்ரூ போட்டிருக்கும் சூடு கடத்தும் தகட்டுக்கும் நடுவே காய்ந்திருக்கும் தெர்மல் பேஸ்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, புதிதாக ஒரு மிளகளவு வைத்தால் போதும். அந்தத் தகட்டின் ஸ்க்ரூக்கள் அருகே 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மெத்தென்ற தெர்மல் பேடு இருந்த இடத்தில் பேஸ்ட் தடவாதீர்கள், இடைவெளி நிரம்பாது.

கேள்வி: கூடலூர். நான்காம் தலைமுறை ஐ5 லேப்டாப். நண்பரின் பழைய மெஷினிலிருந்து 4 ஜிபி ரேம் எடுத்துப் போட்டேன், திரையே வரவில்லை.

பதில்: நண்பருடையது 1.5 வோல்ட் டிடிஆர்3 ரக ரேமாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது 1.35 வோல்ட் டிடிஆர்3எல். காலும் பள்ளமும் ஒன்றுபோலவே இருப்பதால் உட்கார்ந்துவிடும், ஆனால் ஓடாது. லேபிளில் ‘பிசி3எல்’ என்று ‘எல்’ சேர்ந்திருக்க வேண்டும். பழையதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், ஒன்றும் ஆகியிருக்காது.

கேள்வி: குன்னூர். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு கிளிக் ஆக மறுக்கிறது. டச்பேட் மாற்ற எவ்வளவு ஆகும்?

பதில்: டச்பேடைப் பார்க்காதீர்கள், அதற்குக் கீழே பேட்டரி உப்பியிருக்கிறது. இன்றே சார்ஜரைப் பிடுங்கி அணைத்துவிடுங்கள். அழுத்தி மூடவோ, ஊசியால் குத்திக் காற்று இறக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றி, உலோகத் தட்டில் வைத்து வீட்டுக்கு வெளியே, மழை படாத இடத்தில் வையுங்கள். நகராட்சிக் குப்பைத் தொட்டியில் போடாமல், பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேட்டுவிட்டுப் புதியதற்குப் பணம் கொடுங்கள்.