வேர்க்கடலையைத் தவிர எதையும் தொடாத அணில்

கேள்வி: ஐந்து மாதத்துக்கு முன், மழைக்காற்றில் கூடு கலைந்து தென்னையிலிருந்து விழுந்த ஒரு அணிற்பிள்ளையை எடுத்து வளர்த்தோம். வேர்க்கடலை, சூரியகாந்தி விதை, பாலில் நனைத்த பிஸ்கட் இவற்றைத்தான் விரும்பித் தின்கிறது. காயோ பழமோ வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. ஒரு வாரமாகத் திரைச்சீலையில் ஏறுவதில்லை. பின்கால்களை இழுத்து நடப்பதுபோல் தெரிகிறது. இதற்குச் சத்தான உணவாக எதைக் கொடுக்கலாம்? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: உணவைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில், இன்றைக்கே அதைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள், வீட்டில் வளரும் அணில்களுக்கு அடிக்கடி வரும் எலும்பு மெலிவு நோயுடன் பொருந்துகின்றன. முற்றினால் வலிப்பு வரும், லேசாகக் குதித்தாலே எலும்பு முறியும். மருத்துவரைப் பார்க்கும்வரை துணி விரித்த சிறிய கூண்டில் வையுங்கள், ஏறவும் குதிக்கவும் விடாதீர்கள். வீட்டில் இருக்கிறதே என்று நமக்கான கால்சியம் சிரப்பை ஊற்றிவிடாதீர்கள். அதில் வைட்டமின் டி சேர்ந்திருக்கும். இவ்வளவு சிறிய உடம்புக்கு அதன் அளவு கொஞ்சம் கூடினாலும் ஆபத்து.

நன்றாகத்தானே தின்கிறது, பிறகு ஏன் இப்படி? கோளாறே அந்த உணவில்தான். இரத்தத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் ஒரு கணக்கில் இருக்க வேண்டும். அணிலின் உணவில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு இருப்பது நல்லது. நூறு கிராம் வேர்க்கடலையில் கால்சியம் சுமார் 90 மில்லிகிராம்தான், பாஸ்பரஸோ அதைப்போல நான்கு மடங்கு. சூரியகாந்தி விதையில் கணக்கு இன்னும் மோசம். இப்படியே நாள்தோறும் தின்றால் உடம்பு என்ன செய்யும்? இதயமும் தசையும் இயங்கக் கால்சியம் வேண்டுமே, அதனால் எலும்பை அடகு வைத்து அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் அணில் கொழுகொழுவென்று இருக்கும், உள்ளே எலும்பு தேய்ந்துகொண்டே வரும்.

அளவையும் பாருங்கள். வளர்ந்த நம் ஊர் அணிலின் எடை சுமார் நூறு கிராம். பத்து வேர்க்கடலைப் பருப்பு ஏறக்குறைய ஐந்து கிராம் வரும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே நாளில் மூன்று கிலோ கடலை தின்பதற்குச் சமம் அது! அணில் கடித்த கொய்யா இனிக்கும் என்பார்கள், உண்மைதான். இனிப்பையும் எண்ணெய்ச் சத்தையும் கண்டுபிடிப்பதில் அது கெட்டிக்காரப் பிராணி. அதற்காக அந்த நாக்கை நம்பி சமையலை ஒப்படைக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் கலந்து வைத்தால் கடலையைப் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியைத் தள்ளிவிடும். வைத்தவருக்கு மட்டும் சத்தாகக் கொடுத்த திருப்தி இருக்கும்.

ஆகவே எதைக் கொடுக்கிறோம் என்பதோடு, எந்த நேரத்தில் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். விடிந்ததும் நல்ல பசியில் இருக்கும். அப்போது கீரையும் காயும் மட்டும் வையுங்கள். முருங்கைக்கீரைதான் என் முதல் தேர்வு. கால்சியம் அதிகம், பாஸ்பரஸ் குறைவு, கொல்லையில் சும்மா கிடைக்கும். வெள்ளரி, பீர்க்கங்காய், கேரட் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பசலைக்கீரை, பாலக் இரண்டையும் தினமும் வைக்க வேண்டாம். அவற்றில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. கடைக்கீரை என்றால் மருந்து அடித்திருப்பார்கள், நன்றாக அலசுங்கள்.

நண்பகலில் எலி, ஹாம்ஸ்டர் போன்றவற்றுக்கென விற்கும் உருண்டைத் தீவனம் வைக்கலாம். விதைக் கலவையை வாங்காதீர்கள், அதிலும் பொறுக்குகிற வேலைதான் நடக்கும். தீவனம் கிடைக்காவிட்டால் கெட்டியான கேழ்வரகுக் களி நல்லது. தானியங்களில் கேழ்வரகு ஒரு விதிவிலக்கு, அதில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் அதிகம். வாரத்தில் ஓரிரு நாள் அவித்த முட்டை ஒரு விரல்நுனி அளவு தரலாம். பழத்தில் அத்தி கிடைத்தால் விடாதீர்கள். ஆலமரத்திலும் அத்திமரத்திலும் அணில்கள் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொய்யா, பப்பாளியில் சிறு துண்டு போதும். ஆப்பிள் என்றால் விதையை எடுத்துவிடுங்கள்.

கடலை? முற்றிலும் நிறுத்தச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. உடம்பு தேறிய பிறகு, மாலையில் வறுத்த, உப்பில்லாத பருப்பு ஒன்றோ இரண்டோ கையில் கொடுங்கள். பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, கசப்பது எதுவும் வேண்டாம். அதில் ஈரலைக் கெடுக்கும் நச்சு இருக்கலாம். பிஸ்கட்டையும் பாலையும் இன்றே நிறுத்துங்கள். மிக்சர், சாக்லேட், வெங்காயம், பூண்டு, வெண்ணெய்ப்பழம் இவையும் கூடாது.

பழகிய கடலையைத் திடீரென்று நிறுத்தினால் முரண்டு பிடித்துப் பட்டினி கிடக்கும். இத்தனை சிறிய பிராணி ஒரு நாள் பட்டினியையே தாங்காது. அதனால் கொஞ்சம் ஏமாற்றித்தான் ஆக வேண்டும். கேழ்வரகுக் களியில் முருங்கை இலைப்பொடியைப் பிசைந்து கோலிக்குண்டு அளவில் உருட்டி, மேலே கடலைத்தூளில் புரட்டி வையுங்கள். வாசனைக்கு மயங்கிக் கடிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் தூளைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள், குறைந்துகொண்டே போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காலை வெயில் அரைமணி நேரம் கூண்டின் மேல் படட்டும், பாதி இடம் நிழலாக இருக்கட்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலால் வைட்டமின் டி உண்டாகாது. பல் வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணி என்பதால் கொறிக்கக் கொய்யாக் குச்சி போடுங்கள். பறவைக்கடையில் விற்கும் கணவாய் மீன் ஓடும் நல்லது, பல்லும் தேயும், கொஞ்சம் கால்சியமும் சேரும். அரளிக் குச்சி மட்டும் தப்பித்தவறியும் வேண்டாம், நஞ்சு.

இன்னொன்று. அணில் காட்டு உயிரினம், வீட்டுப் பிராணியாக வளர்ப்பதற்கு உரியது அல்ல. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 நடைமுறையில் இருக்கிறது. அதனால் உள்ளூர் வனத்துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். கால் தேறியபின் மரத்துக்குத் திருப்பி விட முடியுமா என்பதை அவர்களும் மருத்துவரும் பார்த்து முடிவு செய்வார்கள்.