சட்டத்தரணியாக்கி எம்.பி. ஆக்கும் கணக்கு

உப்புவெளியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் கலைப் பிரிவில் உயர்தரம் எழுதியவள். இசட் புள்ளி சட்டபீடத்துக்குப் போதவில்லை. கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் வெளிநாட்டுச் சட்டப் பட்டம் படிக்கட்டும், சம்பந்தன் ஐயா மாதிரி சட்டத்தரணியாகி அப்புறம் பாராளுமன்றம் போகட்டும் என்று கனடாவிலுள்ள பெரியப்பா நெருக்குகிறாராம். அதற்காக நிலாவெளிக் காணியை ஈடு வைக்கப் பேச்சு நடக்கிறது. பிள்ளைக்கோ, பிரதேச செயலகத்திலிருந்து சிங்களத்தில் வரும் கடிதங்களை அயலவர்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுப்பதில்தான் ஆர்வம்.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் காணியில் கை வைக்காதீர்கள்.

பெரியப்பாவின் உதாரணத்தையே பார்ப்போம். இரா. சம்பந்தன் 1933இல் பிறந்தவர். சட்டக் கல்லூரியில் படித்துத் திருகோணமலையில் தொழில் செய்தவர். முதன்முதலாகப் பாராளுமன்றம் போனது 1977இல், 44 வயதில். 1983இல் அவருடைய கட்சியான தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் சபையைப் புறக்கணித்ததில் ஆசனம் பறிபோனது. 1994 தேர்தலிலும் கிடைக்கவில்லை. 1997இல் அதே கட்சியின் திருகோணமலை எம்.பி. தங்கத்துரை கொல்லப்பட்டார். அந்த வெற்றிடத்துக்குத்தான் சம்பந்தன் திரும்பி வந்தார். 2000இல் மறுபடி தோல்வி. 2001இலிருந்து 2024இல் இறக்கும்வரை உறுப்பினர். 1983க்கும் 1997க்கும் நடுவில் 14 வருடம் கையில் ஆசனமே இல்லை! கட்சியும் காலமும் கொலைகளும் சேர்ந்து உருவாக்கிய வாழ்க்கை அது. அதைப் பார்த்து ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குப் படிப்பைத் தெரிவு செய்ய முடியாது.

எம்.பி. ஆகச் சட்டப் பட்டம் தேவையுமில்லை. திருகோணமலை மாவட்டத்துக்கே நான்கு ஆசனங்கள்தான். மாகாண சபை என்பீர்கள். 37 பேர் கூடிய கிழக்கு மாகாண சபை நம் ஊரில்தான் இருந்தது. 2017 செப்டெம்பரில் அதன் காலம் முடிந்தபின் வருடக்கணக்காகத் தேர்தலே நடக்கவில்லை.

அந்தத் தனியார் பட்டம் மட்டும் கையிலிருந்தால் அவள் சட்டத்தரணி ஆகிவிடமாட்டாள். அதன் பிறகும் சட்டக் கல்லூரிப் பரீட்சை, ஆறு மாதப் பயிற்சி, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் என்று வரிசையாக இருக்கிறது. பிறகு சில வருடம் சீனியர் ஒருவரின் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ஈட்டு வட்டி அதுவரை காத்திருக்குமா?

சட்டத்துக்குள் போக உங்கள் மகளுக்கு வேறொரு வாசல் திறந்திருக்கிறது. நம் ஆட்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதேயில்லை: சட்ட மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும். நீதிமன்றத்தில் முதலியார் என்று கூப்பிடுவோமே, அவர் செய்வது இந்த வேலைதான். சாட்சி தமிழில் சொல்வது சிங்களச் சட்டத்தரணிக்கும், அவர் கேட்பது சாட்சிக்கும் அவர் வாய் வழியாகத்தான் போகும். வழக்கு மேன்முறையீட்டுக்குக் கொழும்பு போனால், இங்கே தமிழில் பதிந்த சாட்சியம் முழுவதையும் மொழிபெயர்த்தாக வேண்டும். பாராளுமன்றத்தில் உறுப்பினர் பேசப் பேசவே கூண்டுக்குள் இருந்து மற்ற மொழியில் சொல்லும் உரைபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். அரசாங்க மொழிபெயர்ப்பாளர் சேவை இருக்கிறது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிந்துகொண்டால் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு என்று வேலை வீட்டுக்கே வரும். வெளிநாடு போகிறவர்கள் குறையாத ஊர் இது.

பெரியப்பாவுக்குக் கௌரவம்தான் முக்கியமென்றால் இதையும் சொல்லுங்கள். நம் நாட்டுச் சட்டங்களின் கடைசிப் பிரிவைப் புரட்டிப் பார்த்தால், சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இருக்கும். அப்படியென்றால் தமிழில் ஒரு சொல் பிசகினால் இழப்பு யாருக்கு? சட்டத்தைத் தமிழில் மட்டும் வாசித்துவிட்டு உறுதியில் கையெழுத்து வைக்கும் மூதூர்க்காரருக்குத்தான். அதைத் தடுக்கக்கூடிய ஆள் அந்த மொழிபெயர்ப்பு மேசையில் இருக்கிறார்.

யாழ்ப்பாணம், களனிப் பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்புக் கற்கைகள் உண்டு. அனுமதி கிடைத்தால் கற்கைக் கட்டணமில்லை; விடுதி, சாப்பாடு, பஸ் காசு பார்த்தால் போதும். புள்ளி அதற்கும் போதாவிட்டால் இன்னொரு முறை உயர்தரம் எழுதட்டும், ஒரு வருடம் போனால் போகட்டும். ஈடு வைத்த காணியை மீட்க எத்தனை வருடம் ஆகும் என்று பாருங்கள். இதற்கிடையில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவளுடைய சிங்களம் இப்போது பேச்சளவில் இருக்கும், அதை எழுத்தளவுக்குக் கொண்டுவர வேண்டும். வர்த்தமானியின் சிங்களப் பிரதியையும் தமிழ்ப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தினமும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் சலித்துப்போனால் இந்த வழியையும் விட்டுவிடலாம், நான் கோபிக்கமாட்டேன். சலிக்காவிட்டால் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பெரியப்பாவின் வாட்ஸ்அப் அழைப்பு வேண்டாம்.

இருபத்தைந்து வயதில் அவளுக்கே வழக்காட ஆசை வந்தால், வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமாணிப் பட்டம் படிக்கலாம். அப்போது கட்டணம் அவள் சம்பளத்திலிருந்து போகும்.