வலி காலை விட்டு இடுப்புக்கு ஏறினால் அது கெட்ட அறிகுறியா?

கேள்வி: எனக்கு வயது 44. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடும்பத்துடன் வசிக்கிறேன். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிலையத்தில் கணக்கு எழுதுகிறேன். ஏழு கிழமைக்கு முன்னர் காஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வந்து இறக்கும்போது நாரியில் பிடித்துக்கொண்டது. மறுநாள் இடது பிட்டத்திலிருந்து கால் பெருவிரல் வரை மின்சாரம் பாய்வதுபோல வலி தொடங்கியது. எல் 4 – எல் 5 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்கிறது. டைக்ளோபெனாக், பிரிகாபலின் குளிசைகளைப் பாவிக்கிறேன். பிரஷருக்கு லொசார்ட்டனும் எடுப்பவன். இரண்டு கிழமையாகப் பாதத்தில் வலி இல்லை, ஆனால் இடுப்பு முன்னரைவிட மோசமாக உளைகிறது. சத்திரசிகிச்சை செய்யலாம் என்கிறார் ஒரு வைத்தியர். செய்தால் நடக்க முடியாமல் போய்விடும் என்கிறார்கள் உறவினர்கள். மைத்துனர் சொன்னபடி நிலத்தில் பலகை போட்டுப் படுக்கிறேன். சப்பாத்துக் கயிறு கட்டவும் மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நான் பழையபடி வருவேனா? பங்குனியில் யாழ்ப்பாணத்தில் அக்கா மகளின் கலியாணம், போகலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்கள் கவலையோடு எழுதிய ஒரு வரிதான் எனக்கு மிகவும் ஆறுதலளித்தது. பாதத்தில் வலி இல்லை, ஆனால் இடுப்பு கூடுதலாக உளைகிறது என்கிறீர்கள். நோய் முற்றுகிறது என்று அதற்குப் பொருள் கொண்டுவிட்டீர்கள். முள்ளந்தண்டிலிருந்து காலுக்குப் புறப்படும் நரம்பின் அடிப்பகுதியான நரம்புவேரின் எரிச்சல் தணியத் தொடங்கும்போது வலி பெரும்பாலும் கீழிருந்து மேலாகத்தான் விலகும். முதலில் பாதத்தை விடும், பிறகு கெண்டைக்காலை, அதற்குப் பிறகு தொடையை. கடைசியில் நாரியிலும் பிட்டத்திலும் ஒதுங்கி, சில காலம் அங்கே முன்னரைவிட உரத்துக் கேட்கும். இயன்மருத்துவர்கள் இந்த நகர்வை நல்ல சகுனமாகவே குறித்துக்கொள்வார்கள். நான் பயப்படுவது இதற்கு நேர்மாறான நிலைக்கு: இடுப்பு நோ மறைந்து, கால் மரத்து, பாதம் பலமிழந்து போனால், வலி குறைந்துவிட்டதே என்று மகிழ்ந்து வீட்டில் இருந்துவிடக் கூடாது.

அன்று என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். முள்ளந்தண்டு எலும்புகளுக்கிடையே இருக்கும் டிஸ்க்கின் நடுப்பகுதி நுங்கு போல நெகிழ்வானது. அதைச் சுற்றியிருக்கும் வளையத்தில் நார்கள் தென்னம் பன்னாடையில் இருப்பதுபோல ஒன்றுக்கொன்று குறுக்காக, அடுக்கடுக்காகப் பின்னியிருக்கும். பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து, அதே வேளையில் உடலையும் திருப்பும்போது இந்த நார் வளையத்தின் பின்புறத்தில் இழுவிசை மிக அதிகம். வீட்டுச் சிலிண்டரில் 12.5 கிலோ எரிவாயு என்று எழுதியிருந்தாலும் இரும்பின் எடை அதில் சேரவில்லை. பல வருடங்களில் நலிந்திருந்த நார்களை அன்றைய பாரம் கிழித்திருக்கும். உள்ளிருந்த பகுதி பின்பக்கமாகப் பிதுங்கி, அவ்வழியே கீழிறங்கும் ஐந்தாவது நாரி நரம்புவேரைத் தொட்டிருக்கும். அந்த நரம்பு போய்ச் சேருமிடம் பாதத்தின் மேற்புறமும் பெருவிரலும் என்பதால்தான் நாரியில் பட்ட அடி உங்களுக்குப் பெருவிரலில் எரிந்தது. அழுத்தம் மட்டும் இப்படி எரிக்காது. பிதுங்கிய பொருளைச் சுற்றி உண்டாகும் அழற்சி அதில் பெரும்பங்கு வகிக்கிறது. அழற்சி மாதக்கணக்கில் தணியும். பிதுங்கிய துண்டையும் உடலின் விழுங்கு கலங்கள் மெல்ல மெல்லக் கரைக்கும். ஸ்கானில் பயங்கரமாகத் தெரியும் பெரிய துண்டுகள், சிறிய புடைப்புகளைவிடக் கூடுதலாகக் கரைவதுண்டு.

ஸ்கான் அறிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளினிக்குக்கு வருபவர்கள் அந்தப் பெரிய உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, தங்கள் காலைக் காட்டுவதற்கு முன்னர் அதைத்தான் மேசையில் வைப்பார்கள். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கான்களைத் தொகுத்து ஆராய்ந்து 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், 40 வயதினரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு டிஸ்க் புடைப்பு காணப்பட்டது. அவர்கள் ஒருவரும் நோவென்று வைத்தியரிடம் போனவர்கள் அல்லர். உங்கள் வலி அந்த நரம்பின் பாதையிலேயே ஓடுவதால் உங்கள் அறிக்கைக்குப் பொருள் உண்டு. ஆனாலும் அடுத்து என்ன செய்வது என்பதை உங்கள் கால்தான் தீர்மானிக்கும்.

ஆகவே அந்தக் காலைப் பார்ப்போம். மகளை அருகில் நிற்கச் சொல்லிவிட்டு, சுவரில் ஒரு கை வைத்துக்கொண்டு, குதிக்காலில் மட்டும் பத்து அடி நடந்து பாருங்கள். இடது பாதத்தின் முன்பகுதி வலது பாதத்தைப்போல உயர்ந்து நிற்கிறதா, அல்லது பாதியிலேயே நிலத்தில் விழுகிறதா? பிறகு கட்டிலில் அமர்ந்து இரண்டு பெருவிரல்களையும் முகத்தை நோக்கி உயர்த்துங்கள். மகள் தன் விரலால் அவற்றைக் கீழே அழுத்தட்டும். இரண்டும் ஒரே பலத்தோடு எதிர்த்து நின்றால் ஐந்தாவது நரம்புவேர் தன் வேலையைச் செய்கிறது. கிழமைக்கு இரண்டு முறை இதைச் செய்து ஒரு தாளில் குறித்துவையுங்கள். பலம் குறைந்துகொண்டு போனாலோ, நடக்கும்போது செருப்பு காலை விட்டு நழுவுவது தெரியாமல் போனாலோ அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் வைத்தியரைப் பாருங்கள்.

ஒரு மணி நேரமும் பொறுக்கக் கூடாத நிலை வேறு. மலசலகூடத்தில் கழுவும்போது தண்ணீர் படுவது தெரியாமல் பின்பக்கமும் தொடைகளின் உட்புறமும் மரத்துப்போவது, சிறுநீர் முட்டிக்கொண்டும் வெளியேறாமல் நிற்பது அல்லது அறியாமல் கசிவது, மலத்தை அடக்க முடியாமல் போவது, வலி இரண்டு கால்களுக்கும் பரவுவது ஆகியவற்றில் எது தொடங்கினாலும், நள்ளிரவானாலும் 1990 இற்கு அழைத்து சுவசெரிய அம்பியுலன்ஸில் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அந்த நிலையில் சத்திரசிகிச்சை தாமதித்தால் சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடக்கூடும். இடுப்பு நோவோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்னர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற வரலாறு ஆகியவை இருந்தால் அதுவும் வேறு விசாரணைக்குரியது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

இனிச் சத்திரசிகிச்சை. உங்கள் உறவினர்கள் அஞ்சுவது முண்ணாணில், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் பிரதான நரம்புத் தண்டில், கத்தி படுவதை. முண்ணாண் பெரியவர்களில் முதலாவது அல்லது இரண்டாவது நாரி எலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. உங்கள் டிஸ்க் அதற்கும் கீழே, நரம்புவேர்கள் மட்டும் குதிரைவால்போலத் தொங்கும் இடத்தில் இருக்கிறது. நுண்நோக்கியின் உதவியோடு சிறு வெட்டின் வழியாகப் பிதுங்கிய துண்டை மட்டும் எடுக்கும் இந்தச் சிகிச்சையில் கிருமித்தொற்று, நரம்புகளைச் சூழ்ந்த உறையில் கிழிவு, அதே டிஸ்க் மீண்டும் பிதுங்குதல் ஆகிய ஆபத்துகள் உண்டு. ஆனால் கால்கள் செயலிழந்து கட்டிலில் கிடப்பது மிக அரிது. ஆகவே பயத்தினால் மறுக்க வேண்டியதில்லை. அதேபோல, வைத்தியர் செய்யலாம் என்று சொல்லிவிட்டார் என்பதற்காக அவசரப்படவும் வேண்டியதில்லை. உங்களைப்போலவே ஆறு முதல் பன்னிரண்டு கிழமை வரை கடுமையான கால்வலியோடு இருந்த 283 பேரை நெதர்லாந்தில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு விரைவாகச் சத்திரசிகிச்சையும் மற்றதற்குப் பொறுத்திருக்கும் சிகிச்சையும் அளித்தார்கள். 2007 இல் வெளியான அந்த ஆய்வில் சத்திரசிகிச்சைக் குழுவினர் விரைவில் தேறினார்கள். அவர்களுக்கு நான்கு கிழமை என்றால் மற்றவர்களுக்குப் பன்னிரண்டு. பொறுத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினர் பின்னர் கத்திக்குத்தான் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஒரு வருட முடிவில் இரு குழுக்களிலும் 95 சதவீதத்தினர் குணமடைந்ததாகவே சொன்னார்கள். சத்திரசிகிச்சை வாங்கித் தருவது பெரும்பாலும் காலத்தை. வலி தாங்க முடியாதவருக்கும், வீட்டில் உழைக்கும் ஒரே ஆளுக்கும் அந்தக் காலம் பெரிய விடயம். அவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். உங்கள் வலி ஏற்கெனவே மேலே ஏறத் தொடங்கிவிட்டது. பாதத்தின் பலமும் சரியாக இருந்தால், உங்கள் இடத்தில் நான் இன்னும் ஐந்து, ஆறு கிழமை பொறுத்திருப்பேன்.

உண்மையில் என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் குளிசைகள். டைக்ளோபெனாக்கை எத்தனை கிழமையாகப் பாவிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பார்மசியில் பழைய துண்டைக் காட்டி மீண்டும் மீண்டும் வாங்குவது கொழும்பில் வழக்கமாகிவிட்டது. அது இரைப்பையைப் புண்ணாக்கும், பிரஷரைக் கூட்டும். லொசார்ட்டன் எடுப்பவரின் சிறுநீரகத்துக்கு இந்த இரண்டும் சேர்வது நல்லதல்ல. உங்கள் வைத்தியரிடம் சொல்லி அதை நிறுத்தும் வழியைப் பாருங்கள். இந்தக் கிழமையே பிரஷரையும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்திலும் சோதியுங்கள். பிரிகாபலின், இவ்வகைக் கால்வலிக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசையைவிட மேலான பலன் தரவில்லை என்று 2017 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. தலைச்சுற்றலோ பகிடியல்ல, அதுவும் மாடிப்படியில். ஆனால் திடீரென நிறுத்தாதீர்கள். அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மைத்துனரின் பலகையை எடுத்துவிடுங்கள். நாட்பட்ட நாரி நோவுள்ளவர்களிடம் மிகக் கடினமான மெத்தையையும் நடுத்தரக் கடினமுள்ள மெத்தையையும் ஒப்பிட்டு ஸ்பெயினில் நடத்தி 2003 இல் வெளியிட்ட ஆய்வில் நடுத்தர மெத்தைதான் வென்றது. நிலத்திலிருந்து எழும்புவதற்கு நீங்கள் படும் பாடு வேறு. கட்டிலில் வலப்பக்கமாகச் சரிந்து, முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணை வைத்துப் படுங்கள். எழும்பும்போது நேராக நிமிராமல், பக்கவாட்டில் உருண்டு, கால்களைக் கீழே தொங்கவிட்டுக் கையை ஊன்றி எழும்புங்கள். பகலில் படுக்கை வேண்டாம். நாரித் தசைகள் படுத்திருக்கையில் மெலிவதோடு, அசைந்தால் ஏதோ முறிந்துவிடும் என்ற பயமும் படுக்கையில்தான் வளர்கிறது. எண்ணெய் பூசி வெந்நீர் வார்ப்பதை நான் தடுக்கமாட்டேன், அது டிஸ்க்கைப் போய்ச் சேராது, ஆனால் இறுகிய தசைக்கு இதமளிக்கும். காலை மடக்கித் திருப்பிச் ‘சொடக்கு’ எடுப்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

நடையே உங்களுக்கு இப்போது முதன்மையான மருந்து. முதலில் வீட்டு விறாந்தையில் ஐந்து நிமிடம், நாளொன்றுக்கு ஐந்து முறை. அது பழகியதும் வெயில் ஏறுமுன் மரைன் டிரைவுக்கு இறங்கிச் சமதரையில் நடந்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். நடக்கும்போது நாரி உளைவது பரவாயில்லை. வலி மீண்டும் பாதத்துக்கு இறங்கினால் தூரத்தைக் குறையுங்கள். குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சிகளைத் தொடாதீர்கள். சப்பாத்துக் கயிற்றை இப்போதைக்கு மகளே கட்டட்டும், அல்லது கயிறில்லாத சப்பாத்தை மாட்டுங்கள். வீட்டுக்கு இனி சிலிண்டரை இறக்கித் தருபவரே மேலே கொண்டுவந்து வைக்கட்டும்.

முற்றாகச் சுகமான பிறகுதான் வேலைக்குப் போவது என்று நினைக்காதீர்கள். அப்படி இருந்தவர்கள் பலர் திரும்பிப் போனதேயில்லை. இருபது நிமிடம் தொடர்ந்து கதிரையில் இருக்க முடியும் என்ற நிலை வந்ததும் அரை நாள் வேலையைக் கேளுங்கள். முதலாளியிடம் கேட்டுக் கணக்குப் புத்தகத்தை ஒரு பெட்டியின் மேல் உயர்த்தி வைத்து, பாதி நேரம் நின்றே எழுதுங்கள். காலி வீதி பஸ்ஸின் பின் ஆசனத்தில் குலுங்குவதைவிட, வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் புகையிரதத்தில் நின்றுகொண்டு போவது உங்கள் நாரிக்கு இலேசு. அலுவலக நெரிசலுக்கு முந்திய வண்டியாகப் பார்த்து ஏறுங்கள்.

பழையபடி வருவேனா என்று கேட்டீர்கள். பெரும்பாலும் வருவீர்கள், ஆனால் நேர்கோட்டில் அல்ல. நல்ல நாலு நாளுக்குப் பிறகு தும்மலொன்று வந்து ஒரு முழு நாளையும் கெடுக்கும். அன்று டிஸ்க் மீண்டும் கிழிந்துவிட்டது என்று ஸ்கானுக்கு ஓடாதீர்கள். வலி எத்தனை என்று தினமும் எண்ணுவதைவிட, எத்தனை நிமிடம் கதிரையில் இருந்தேன், எத்தனை படி நிற்காமல் ஏறினேன் என்று எண்ணுங்கள். ஏழு கிழமை நித்திரையில்லாமல் இருப்பவருக்கு மனம் சோர்வது இயல்பு. காலையில் எழும்பவே விருப்பமற்று, எல்லாம் முடிந்துவிட்டதென்ற நினைவு விடாமல் துரத்தினால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு. இடுப்பு நோ திரும்பி வரவும் கூடும். ஒருமுறை நோ தீர்ந்தவர்களுக்கு ஒழுங்கான நடைப்பயிற்சி அளித்து அவுஸ்திரேலியாவில் நடத்தி 2024 இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த நோ வருவதற்கு நடந்தவர்களுக்கு 208 நாட்களும் நடக்காதவர்களுக்கு 112 நாட்களும் எடுத்தன. எனவே சுகம் வந்த பிறகும் மரைன் டிரைவை விடாதீர்கள்.

கலியாணத்துக்குப் போகலாம். பங்குனிக்குள் வலி முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டால், எழுந்து நடக்க இடமில்லாத இரவுப் பஸ்ஸை விட்டுப் பகல் புகையிரதத்தில், நடைபாதை ஓரத்து ஆசனமாகப் பதிவு செய்யுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து வாருங்கள். பயணப் பையை மகள் தூக்கட்டும். கலியாண வீட்டில் பாயில் சம்மணமிட்டு இருக்கச் சொன்னால் கூச்சப்படாமல் ஒரு கதிரையைக் கேட்டு வாங்குங்கள்.