பையன் ‘தலைமுறைகள்’ நாவலை மூடி வைத்துவிட்டான், என்ன செய்ய?

தக்கலையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனோடு ‘தலைமுறைகள்’ வாசிக்கத் தொடங்கினேன். கதை நடக்கும் இரணியல் எங்களுக்குப் பக்கத்து ஊர். ஆனாலும் முப்பது பக்கத்தில், ‘ஒண்ணும் புரியல’ என்று வைத்துவிட்டான். வீட்டில் மாமியாரும் இருக்கிறார். விட்டுவிடலாமா?”

விட வேண்டாம். இது அவனுடைய சோம்பல் இல்லை. அவன் பள்ளியில் படிக்கும் தமிழ் வேறு, நீல பத்மநாபன் 1968-ல் வெளிவந்த இந்த நாவலில் எழுதிய இரணியல் செட்டிமார் பேச்சு வேறு. 1956 நவம்பர் 1 வரை நம் குமரி மாவட்டத்து ஊர்கள் கேரளப் பக்கத்தோடு இருந்தவை என்பதை அவனிடம் ஒரு வரியில் சொல்லுங்கள். மலையாள வாடை எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்வான்.

இந்தப் பேச்சு கண்ணுக்கு இடறும், காதுக்கு இடறாது. ‘வெள்ளம்’ (தண்ணீர்), ‘கொள்ளாம்’ (நன்றாக இருக்கிறது), ‘மரச்சீனி’ (மரவள்ளிக்கிழங்கு) எல்லாம் உங்கள் மாமியார் வாயில் தினமும் வருகிறதுதானே? அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்கள் சத்தமாக வாசியுங்கள். உச்சரிப்பு பிசகினால் அவர் திருத்தட்டும். கதையில் வரும் பாட்டி உண்ணாமலை ஆச்சி பேசும் இடங்களை அவரே வாசித்தால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் போதும். தெரியாத சொல்லுக்கெல்லாம் நிறுத்தி விளக்கம் சொல்ல வேண்டாம். அதே சொல் மூன்றாம் தடவை வரும்போது பெரும்பாலும் பிள்ளைகளே பொருளைச் சொல்லிவிடுவார்கள். அப்புறம், யார் யாருக்கு என்ன முறை என்பதை ஒரு தாளில் அவனே வரைந்து வைத்துக்கொள்ளட்டும்.

நீங்கள் முன்கூட்டியே படித்துவிட வேண்டியது நாகம்மையின் கதை. கதையின் நாயகன் திரவியின் உடன்பிறந்தவளான அவளை, பெண்ணே இல்லை என்று பழி சொல்லிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பதினாலு வயதுப் பையன் அதற்கு என்ன அர்த்தம் என்று கட்டாயம் கேட்பான். மழுப்பாமல் சொல்லுங்கள். மாமியார் முன்னால் பேசக் கூச்சமாக இருந்தால் அந்தப் பகுதிகளை மட்டும் நீங்கள் இருவரும் தனியாக வாசிக்கலாம். தாண்டிப் போக மட்டும் வேண்டாம், நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நூறு பக்கம் கடந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரணியல் தெருக்களில் அவனோடு நடந்துவிட்டு வாருங்கள். அதற்கு முன்னால் போனால் அவனுக்கு அது பஸ் போகிற வழியில் உள்ள ஓர் ஊர்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் அவனுக்கு மனம் ஒட்டவில்லையா? சரி, கட்டாயப்படுத்தாதீர்கள். நீங்கள் மட்டும் வாசித்து முடியுங்கள், முடிவை அவனிடம் சொல்லாதீர்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் மறுபடி எடுக்கலாம்.